கிளேட்டன் பெயரில் மின்சாரம்

எங்கள் வீட்டில் மின்சாரம் ஒருநாளும் துண்டிக்கப்பட்டதில்லை. இந்த லொரெய்ன் ஊரில், அதுவும் இந்தத் தெருவில், நெஞ்சில் கை வைத்து அப்படிச் சொல்ல இன்னொரு வீடு கிடையாது. காபி ஆறுகிறது, குடியுங்கள். போலீஸ்காரர்கள் கண்ட வீட்டில் காபி குடிக்கக் கூடாது என்று சட்டம் ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் ராய். உருக்காலையில் ஆள் குறைத்த வருஷம், என் பெயரில் இருந்த கடன் கார்டுகளையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் டெக்சஸ் பக்கம் போய்விட்டான் அந்தப் புண்ணியவான். புருஷன் போனதுகூடப் பெரிதில்லை. என் பெயர் போய்விட்டது. மின்சார நிறுவனத்துக்குப் போன் செய்தால், என் பெயரைக் கேட்டதுமே முன்பணம் எவ்வளவு கட்டுவாய் என்றார்கள். ஜனவரி மாதம். ஏரிக்காற்று சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. இடுப்பில் நாலு வயது கிளேட்டன். பக்கத்து வீட்டு டோரிஸ்தான் வழி சொன்னாள்.

"புள்ள பேர்ல போட்டுரு கிளெண்டா. இந்த வீட்டுல அவன் பேருதான் இன்னும் அழுக்குப்படாம இருக்கு."

பெயரைக் கேட்டார்கள். பிறந்ததும் அரசாங்கம் கொடுக்கிற எண்ணைக் கேட்டார்கள். வயதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லிக்கொண்டிருப்பது என் பழக்கமில்லை. பிறகு ஒரு தாள் அனுப்பினார்கள், கிளேட்டன் என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஆனால் போனில் பெயரைக் கொடுத்த அன்று சாயங்காலமே ஹீட்டர் ஓடியது. பிள்ளை காலுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் விளையாடினான்.

திருட்டு என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை, கையைப் பார்த்தால் பாத்திரம் கழுவிய கையாகத் தெரியவில்லை. இந்தத் தெருவில் இது ஊர் வழக்கம். டோரிஸ் வீட்டு டிவி அவள் மகள் பெயரில். எதிர்வீட்டில் கேஸ் இணைப்பு கடைக்குட்டி பெயரில். பிள்ளைகளுக்கே தெரியும். பள்ளிப் பேருந்தில் ஒருவனை ஒருவன் சீண்டுவார்கள், எங்க வீட்டுச் சுடுதண்ணி என் பேர்லதான்டா ஓடுது, உன் பேர்ல என்னடா ஓடுது என்று. கிளேட்டனும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்லியிருக்கிறான்.

மின்சாரத்துக்குப் பிறகு போன். பிறகு ஒரு கடையின் கடன் கார்டு. அவன் பதின்மூன்று வயதில் ஒரு சோபா. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுதான். கட்ட முடிந்தபோது கட்டினேன். கட்ட முடியாதபோது கட்டவில்லை. எல்லோரும் அப்படித்தான்.

பத்தொன்பது வயதில் அவன் பழைய டிரக் ஒன்று வாங்கப் போனான். கடைக்காரன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறான். தம்பி, பதிமூணு வயசுல சோபா வாங்கிட்டுப் பணம் கட்டாத ஆளுக்கு வண்டி கொடுத்தா, என் முதலாளி என்னையும் அந்த வண்டியிலயே ஏத்தி அனுப்பிடுவாரு என்றானாம். கிளேட்டன் நடந்தே வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை. இந்தச் சோபாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதையெல்லாம் துடைத்துவிட ஒரு வழி இருந்தது. இன்னார் என் பெயரைத் திருடினார் என்று போலீஸில் எழுதிக்கொடுத்தால் போதும், கறை மொத்தமும் போய்விடும். வழி கேட்டு வங்கிக்குப் போனபோது அங்கிருந்தவள் அதைத்தான் சொன்னாள். ஆனால் இன்னார் என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். அவன் அவளிடம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எங்கம்மா மேல நான் புகார் எழுத மாட்டேன். என்ன பாக்கியோ சொல்லுங்க, நானே கட்டிடறேன்."

கட்டினான். கிடங்கில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். தன் பணத்தையே வங்கியில் போட்டு வைத்து அதன் மேல் ஒரு சின்ன கார்டு வாங்கினான். அதில் பெட்ரோல் மட்டும் போடுவான், கெடு வருவதற்கு முன்பே அடைப்பான். கடனை ஒழுங்காகக் கட்டுவதற்குக் கிடைக்கிற அந்தக் கிரெடிட் ஸ்கோர் நாலு புள்ளி ஏறினால் ஒரு பாட்டில் பீர் திறப்பான். நடுவில் ஒருமுறை நான் அவன் பெயரில் இன்னொரு போன் எடுத்து, பணம் கட்டாமல் அது கொஞ்சம் தகராறாகி, அவன் மறுபடி கீழிருந்து ஏற வேண்டியிருந்தது. அதையும் அவனே அடைத்தான். பொறுமைசாலி. நான் வளர்த்த பிள்ளை.

ராய் உண்டாக்கிய கறையெல்லாம் அதற்குள் பல வருஷமாகிப் பதிவிலிருந்து உதிர்ந்துவிட்டது. எனக்கென்று ஒரு கார்டு வாங்கி, ஒரு சென்ட் பிசகாமல் வைத்திருந்தேன். என் பெயர் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வீட்டு மின்சாரத்தை நான் மாற்றவில்லை. பில் வந்தால் கிளேட்டன் கட்டுவான். எதற்கு மாற்ற வேண்டும்?

பிறகு நடீன் வந்தாள். பல் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறவள். கல்யாணமாகி மாடி அறையில் இருந்தார்கள். இந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது. நான் செய்த டூனா மீன் நூடுல்ஸை முள்கரண்டியால் கிளறி, இதில் என்ன இருக்கிறது என்று தேடினாள். டூனாவும் நூடுல்ஸும்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதும், கொலம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம் என்றாள். இரண்டு மணி நேரப் பயணம். வீட்டுக் கடனுக்குக் கிளேட்டனின் ஸ்கோரில் இன்னும் கொஞ்சம் புள்ளி வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அப்போதுதான் கிளேட்டன் என்னிடம் வந்து கேட்டான். இங்கே எல்லாக் குடும்பங்களிலும் செய்வதுதான். நல்லபடியாக வைத்திருக்கிற பழைய கார்டில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிட்டால், அந்தக் கார்டின் நல்ல பெயர் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். நடீனுக்குச் சம்மதமில்லை. சமையலறையில் என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லது மட்டுமா ஒட்டும் கிளேட்? அவங்க நாளைக்கு எதுல கை வச்சாலும் அது உன் கைதான். ரெண்டு தடவ பட்டது போதாதா உனக்கு?"

"அம்மா இந்தத் தடவ பாத்துக்குவாங்க, நடீன்."

பார்த்துக்கொண்டேன். பெயரைச் சேர்த்தேன். புள்ளிகள் மளமளவென்று ஏறின. வங்கி சரி என்றது. முன்பணம் கொடுத்தார்கள், அட்டைப்பெட்டி வாங்கினார்கள், மாடியில் நாள் முழுக்க டேப் கிழிக்கிற சத்தம். கிளேட்டன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். எல்லாம் உன்னாலதாம்மா என்றான். ஆமாம், என்னால்தான்.

வீட்டுப் பத்திரக் கையெழுத்து நாளுக்குக் கொஞ்சம் முன்பு, நடீன் என் பீங்கான் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் ஒன்று சொன்னாள்.

"குழந்தை பொறந்தப்புறம் நீங்க தாராளமா வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க, கிளெண்டா."

மரியாதையாகத்தான் சொன்னாள். என் மகன் வீட்டுக் கதவைத் தட்ட நான் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சரி என்றேன். தட்டுகளை வாங்கித் துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் கடைக்குப் போய் குழந்தைக்கு ஒரு தொட்டில் வாங்கினேன். நல்ல மேப்பிள் மரம். தள்ளுவண்டி வாங்கினேன். அவர்கள் புது வீட்டுக்கென்று துணி துவைக்கிற இயந்திரம், உலர்த்துகிற இயந்திரம், பிறகு ஒரு பெரிய ஃபிரிட்ஜ். கார்டு இதற்கு மேல் தாங்காது என்று கடைக்காரப் பெண் சொல்கிறவரை வாங்கினேன். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவது எந்த ஊரில் குற்றம், நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக் கடன் கொடுக்கிறவர்கள் கையெழுத்துக்கு முன்பு கடன் கணக்கை இன்னொரு முறை எட்டிப் பார்ப்பார்கள். அது இங்கே முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அதுவரை ஒரு மெத்தைகூடக் கடனில் வாங்காதே என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள். எட்டிப் பார்த்தார்கள். கிளேட்டன் பெயர் ஒட்டியிருந்த கார்டு விளிம்புவரை நிரம்பி நின்றது. புள்ளி சரிந்தது, கடன் நின்றது. வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். முன்பணமும் திரும்பவில்லை.

நிறைமாத வயிற்றோடு நடீன் மாடிப்படியில், கட்டி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளேட்டன்தான் கேட்டான்.

"தெரிஞ்சேவாம்மா செஞ்ச?"

"தொட்டில் வாங்கினது தப்பாடா? என் பேரப்பிள்ளைக்கு நான் வாங்கக் கூடாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாரிம்மா, கோவத்துல கேட்டுட்டேன் என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான் என் பிள்ளை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கடை வண்டி வந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனது. பிரிக்காத பெட்டிகள். பணம் முழுதும் கார்டில் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடையில் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தேன். தொட்டிலையாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டில் கிளேட்டன் படுத்த தொட்டில் இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

பேத்தி ஓப்பல் இந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள், முதல் மூன்று மாதம். அவள் அழுதால் நான்தான் முதலில் எழுந்து போவேன். நடீன் கதவைப் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் நான் சர்ச்சுக்குப் போய்விட்டு மீன் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தால் மாடி காலி. நடீனின் அக்கா தன் பெயரில் கொலம்பஸில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். மூன்று பேருக்கு வாங்கிய மீனை நான் ஒருத்தி உட்கார்ந்து தின்றேன். என்னால் அதை மன்னிக்க முடியாது, முடியவும் வேண்டாம்.

போன கையோடு கிளேட்டன் மின்சார நிறுவனத்துக்குச் சொல்லித் தன் பெயரை எடுத்துவிட்டான். இருபத்தைந்து வருஷமாக ஓடியதை ஒரு போனில் முடித்துவிட்டான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை.

என் பெயரில் போட்டிருக்கலாம், உண்மைதான். சுத்தமான பெயர், யோசிக்காமல் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஓப்பலின் அரசாங்க எண் அச்சிட்ட அட்டை இந்த முகவரிக்குத்தானே தபாலில் வந்தது. நடீனிடம் கொடுப்பதற்கு முன்பு பார்த்துக்கொண்டேன். ஓப்பல் பெயரில் போட்டேன். இந்த முறையும் வயதைக் கேட்கவில்லை. பிறகு கேஸ் இணைப்பையும் அவள் பெயரிலேயே போட்டேன். பில் வந்தது. கட்டவில்லை. என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. கட்டாமல் இருந்தால் கறை குழந்தை மேல் விழும் என்று ஒரு சின்னச் செய்தி மட்டும் கிளேட்டனுக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. எத்தனை நாளைக்கப்புறம் அவன் குரல். ஓப்பல் பின்னால் ங்கா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவன் கத்தினான், கத்தட்டும், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு முழுதும் கட்டினான். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பில் என்பது மாதாமாதம் வருகிற ஒன்று. கிளேட்டன் தன் பெயரைத் துடைப்பதற்காகக்கூட என் மேல் புகார் எழுதாதவன். மகள் பெயருக்காக எழுதிவிடுவானா? அவள் பள்ளிக்கூடம் போகும்வரை, கல்லூரி போகும்வரை, மாதத்தில் ஒரு தடவையாவது அவன் என்னோடு பேசித்தான் ஆக வேண்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவது பில் வந்தது, செய்தி அனுப்பினேன், போன் வரவில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

வெளியே இருட்டிவிட்டது, அந்த விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓப்பல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

புகாரைக் காட்டினீர்கள். பார்த்தேன். திருடியவர் என்ற இடத்தில் என் பெயர், அடியில் கிளேட்டன் என்று கையெழுத்து. அதை நடீன்தான் போட்டிருக்கிறாள். உங்கள் கண்ணெதிரில் அவன் உட்கார்ந்து போட்டான் என்கிறீர்கள், நீங்கள் சொன்னால் நான் நம்பிவிட வேண்டுமா? அம்மா மேல் எழுத மாட்டேன் என்று சொன்னவன் அவன். அந்த முதல் எழுத்து வளைகிற விதமே தப்பு. என் மகன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவனுக்கு நாலு வயதானதிலிருந்து அதைப் போட்டுக்கொண்டிருப்பவள் நான்தானே.