பெரட்டுக் குருவி

உயிரியல் ஆசிரியர் ஒருவரின் சாவு வீட்டிலிருந்து திரும்பிய இருவர், குனோங் ராபாட் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“சார் எழுதுன பறவை புத்தகத்துல ஒரு குருவிக்கு நான் வெச்ச பேருதான், மச்சான்.”

“சும்மா சொல்லாதே லா.”

“பரீட்சையில அதோட பேரு தெரியல. எஸ்டேட்டுல விடியறதுக்கு முன்ன வேலைக்கு வர்ற ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சு பெரட்டுக்குப் பேரு கூப்பிடறப்பதான் அது கத்தும். ‘பெரட்டுக் குருவி’ன்னு எழுதிட்டேன். பேப்பர் திருப்பிக் குடுத்தப்ப கிளாஸே சிரிச்சிச்சு. சார் தப்பு போட்டுட்டு, பக்கத்துலயே ‘நல்ல பெயர். நான் எடுத்துக்கொள்ளலாமா?’ன்னு கேட்டிருந்தாரு.”

மற்றவர் ஜன்னல் வழியே சுண்ணாம்பு மலையைப் பார்த்தார்.

“இன்னிக்கி விடியக்காலையில சார் வீட்டுப் பின்னால ஒன்னு கத்திச்சே, அதுவா?”

“அதேதான். பெரட்டுக்கு நாம எல்லாரும் நின்னோம். சார்தான் வரல.”