மூட்டைத் தராசில் அக்கா

— வெண்ணெயை ஸ்பூனோட வழிச்சு நக்குறியே அக்கா, இதுதான் உடம்பு குறைக்கிற லட்சணமா?

— முட்டை மேல போட்டுத்தான்டி தின்னேன். ஒட்டியிருக்கிறதை வழிக்கிறேன், அதுக்குமா கேள்வி, ராசாத்தி?

— நம்ம பேக்கரிக்கு வர்ற ஜனம் வெண்ணெய்னாலே நாலடி தள்ளி நிக்குது. நீ அதைத் தின்னே மெலியப் போறே. சரியாப் போச்சு.

— ஆஸ்பத்திரில என்ன திங்கணும்னு சொல்றதுக்குன்னே உக்காந்திருக்கிற டயட் அம்மா சொன்னது நல்லாத்தானே இருக்கு? இருபது வருஷமா நான் தின்னது பசிக்கா? க்ரீம் பதமா வந்துச்சான்னு ஒரு விரல். கேக் ஓரம் வெட்டினா ஒரு துண்டு. பன்னுக்குப் பாகு தடவினா அந்தப் பிரஷ்ல ஒரு நக்கு. பத்து மணிக்கெல்லாம் இன்னும் குடு, இன்னும் குடுன்னு உள்ள கத்தும். இப்ப காலைல ரெண்டு முட்டை, வெண்ணெய், ஒரு பிடி பாதாம். மத்தியானம் வரைக்கும் வயிறு வாயைத் திறக்கல.

— எல்லாருக்கும் இது ஒத்துக்குமா என்ன?

— ஊர்ல இருக்கிறவங்களைப் பத்தி எனக்கென்ன? எனக்கு ஒத்துக்குது. நீ கேக் மேல எழுதுற அந்த சர்க்கரைக் குழம்பு மூக்குக்குக் கீழ இருக்கு, தொடணும்னு தோணல பாரு. சரி, அந்த மாவு மூட்டையைக் கொஞ்சம் தள்ளு. நான் ஏறணும்.

— ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், மூட்டை நிறுக்கிற தராசுல நீ ஏறி நின்னுடுவே.

— வீட்டுத் தராசு என்னைக் கண்டா மூச்சு விடாது. இதான் என் லெவலுக்கு. வா, பின்னாடி வந்து பிடிச்சுக்கோ, விழுந்துடப் போறேன்.

— பிடிச்சிருக்கேன். ஏறு.

— முள்ளு எங்க நிக்குது?

— எழுபத்தொம்பது. போன வாரமும் அதான், அதுக்கு முந்தின வாரமும் அதான்.

— டாக்டர் எழுபத்தஞ்சுக்குக் கீழ வரச் சொன்னாரு.

— வரலேல்ல? விட்டுடு. வராது. வாரத்துல மூணு நாள் நான் போய் அந்த ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் பக்கத்துல படுத்துட்டு வர்றேன். ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி, அவ்வளவுதானே? பழகிடுச்சு.

— முந்தாநாள் ஐஸ் பெட்டியைத் திறந்து வச்சுட்டு ஐஸ் கட்டியையே பாத்துகிட்டு நின்னுட்டிருந்தியே, அதுவும் பழகிடுச்சா?

— … சும்மா, வெக்கையா இருந்துச்சு.

— உன் ரத்தமும் என் ரத்தமும் பொருந்திடுச்சு. எனக்கு ரெண்டு கிட்னி இருக்கு, உனக்கு ஒண்ணு தரலாம். குறுக்க நிக்கிறது இந்த நாலு கிலோதான்.

— அதான் குறையலையே! சூடா பன் எடுத்து வச்சிருக்கேன், பாகு தடவினது. இறங்கி வந்து ஒண்ணு தின்னு, அக்கா. ரெண்டு மாசமா நாக்கைக் கட்டிப் போட்டிருக்கே, பாவம்.

— வேண்டாம்டி. நிஜமா ஆசையே வரல. உன் காலை எடு.

— எந்தக் காலை?

— தராசுப் பலகை ஓரத்துல ஊனியிருக்கியே, அந்த வலது காலை.

— நான் எங்க ஊனினேன்?

— எடுடி.

— எடுத்துட்டேன்.

— இப்பப் படி.

— எழுபத்துநாலு.

— சத்தமா.

— எழுபத்துநாலு! போதுமா? ஆமா, நான்தான் அழுத்தினேன். வாரா வாரம் அழுத்தினேன். என்ன பண்ணச் சொல்றே? உன்னை மேஜை மேல படுக்க வச்சுக் கீறுவாங்க. எனக்காக. நீ கண்ணு முழிக்கலேன்னா? அம்மா இல்ல, அப்பா இல்ல, உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா? எனக்கு மெஷின் போதும். எனக்கு நீ வேணும்.

— அழாதே. பன் மேல விழப் போகுது, உப்புக் கரிக்கும்.

— சிரிக்காதே!

— உனக்கு நான் வேணும்னா, எனக்கு யாரு வேணுமாம்? மெஷின்லேருந்து எழுந்து வர்றப்போ உன் மூஞ்சி சாம்பலாட்டம் இருக்கு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நான் உருண்டையா உயிரோட இருந்து என்ன செய்ய? எனக்கும் பயம்தான்டி. பயந்துகிட்டேதான் வெண்ணெய் தின்னேன்.

— எப்படிக் கண்டுபிடிச்சே?

— இருபது வருஷமா இந்தப் பலகைல மூட்டை ஏத்துறவ நான். ஒரு ஓரம் சாஞ்சா என் கால் சொல்லும். முதல் வாரமே தெரியும். அதான் வெள்ளிக்கிழமை நேரா ஆஸ்பத்திரிக்கே போய் நிறுத்துட்டு, என் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். தங்கச்சியை எப்படியாவது சம்மதிக்க வைங்கன்னு டாக்டர் சொன்னாரு. உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— போட மாட்டேன்.

— சரி, போடாதே. நான் என்ன கையைப் பிடிச்சா போட வைக்க முடியும்?

— இரு. முதல் வாரமே தெரியும்னா, அப்புறம் எதுக்கு வாரா வாரம் இதுல ஏறினே?

— உனக்கு உடம்பு முடியாமப் போனதுலேருந்து யாரையும் கிட்டச் சேக்கல. தலையைத் தடவ வந்தாக்கூடத் தட்டி விடுறே. காலை அழுத்தணும்னா என் தோளைப் பிடிச்சாகணும்ல? அந்த அரை நிமிஷம் உன் கன்னம் என் முதுகுல இருக்கும். அதுக்குத்தான்டி ஏறினேன்.

— போ அக்கா.

— இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கே. இறங்கட்டுமா?

— இறங்காதே, இப்படியே நில்லு… அந்தப் பேப்பரை எங்க வச்சிருக்கே?