களரியில் சிரிக்காத ஒருத்தி

பழுகாமத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனவர் சொன்னார்:

"நான் சிரிக்காததாலதான் அவர் என்னக் கலியாணம் முடிச்சார். கூத்தில அவர்தான் கோமாளி. கூத்தாடுற களரியச் சுத்தி இருந்த எல்லாரும் சிரிக்க, நான் மட்டும் உம்மெண்டு இருந்தன். இவளச் சிரிக்க வைக்காம விடமாட்டன் எண்டு வந்து கேட்டார்."

"ஏன் மச்சாள் சிரிக்கல்ல?"

"அண்டைக்கு எனக்குப் பல்லு நோவு."

"அத அவருக்குச் சொல்லல்லியா?"

"இண்டுவரைக்கும் சொல்லல்ல. சிரிப்பு வந்தா சமைக்கிற சாட்டில குசினிக்குள்ள ஓடிருவன்."

பட்டிருப்புப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது.

"இனியாவது அவருக்கு முன்னால சிரியுங்களன். மனிசன் படுக்கையில கிடக்கார்."

"நேத்தும் கோணின வாயோட ஒரு கதை துவங்கினார். மிச்சம் நாளைக்கு எண்டார். நான் சிரிச்சிட்டா, அவருக்கு எழும்பி வர என்ன வேலை இருக்கு?"