முப்பத்தேழாம் நம்பர் பிள்ளை

— கோவிச்சுக்காதீங்க பெனிட்டாக்கா, கேட்டுத்தானுங்க ஆகோணும். இந்த ரெண்டாவது டப்பா நெசமாலுமே உங்க பையனோடதுதானுங்களா?

— பின்ன? ஊரான் பிள்ளைக்க பீயையா நான் ஐஸ்பெட்டியில வச்சு, பாம்பூஃபிளாட்டுல ஃபெர்ரி ஏறி, சாத்தத்துல இறங்கித் தூக்கிட்டு வருவேன்? நல்லா கேட்டிய கார்த்திகா மேடம்!

— மெல்லப் பேசுங்க்கா, லேபுல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. மூணு மாசம் முந்தி, இவன் வயித்துப்போக்கோட ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எடுத்த மொத டப்பாவுல, நல்ல கிருமின்னு ஒண்ணுகூட இல்லீங்க. இப்பக் கொண்டுவந்ததுல பத்துக்கு எட்டு நல்ல கிருமி. ஒரே கொழந்தை வயிறு இப்படித் தலைகீழா மாறாது, டப்பா மாறிருச்சு, ஆராய்ச்சியில இருந்து முப்பத்தேழாம் நம்பரை எடுத்துருன்னு எங்க சார் சொல்லிப்போட்டாருங்க.

— அரே பாப்ரே! மெயின்லேண்டுல உக்காந்துட்டு, இந்தத் தீவுல கெடக்க பிள்ளைய அவரு எடுப்பாரா? நம்பரு இல்ல மேடம், கோகுல். பேரச் சொல்லுங்க. அன்னைக்கு எப்பிடிக் கெடந்தான்? கருவாடு கணக்கா. தூக்குனா கையில கனமே தெரியாது. இப்பத் தூக்கிப் பாருங்க, ஏழு கிலோ!

— பாத்தேனுங்க, தொடையில மடிப்பு மடிப்பா இருக்குது. எனக்கும் இவனை எடுக்க மனசில்லீங்க. அப்படி என்ன குடுத்தீங்க? சொன்னாத்தான் நான் சார்கிட்ட வாதாட முடியும்.

— பாலு. எனக்க பாலு. பவுடர அன்னைக்கே நிறுத்தியாச்சு. தேனு, கிரைப்வாட்டரு, ஒண்ணும் நாக்குல வைக்க விடல. எங்க வீட்டுக்காரரு அல்போன்ஸு, 'பாலு பத்துமாட்டி?'ன்னாரு. 'கடல்ல மீன் பத்துமான்னு நீரு கேப்பீரா?'ன்னேன்.

— அப்படிப் போடுங்க! தாய்ப்பால்ல ஒரு ரகச் சர்க்கரை இருக்குதுங்க்கா. அதுலயே நூத்துக்கு மேல விதம். உங்க பால்லயும் அது ஏகத்துக்கு இருக்கோணும். ஆனா கொழந்தைக்கு அது செரிக்காது.

— செரிக்காததையா ஆண்டவரு பால்ல வச்சாரு?

— அது கொழந்தைக்கில்லீங்க. கொடல்ல இருக்கற நல்ல கிருமிக்குச் சாப்பாடு. அதைத் தின்னுபோட்டு அது புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்புல கெட்ட கிருமி தலையெடுக்காதுங்க.

— ஓ, அதானா! துணியில அந்த அழுகல் நாத்தம் போயி, புளிச்ச மோரு வாசம் வந்துது. மூணாவது வாரமே சொன்னேன், இவன் பொழச்சுக்கிட்டான்னு. யாரு கேட்டா?

— மூணாவது வாரமா? இருங்க, எழுதிக்கறேன். நாங்க மெசின் வச்சு இப்பத்தான் கண்டுபிடிச்சோம்.

— மீன்காரி மூக்கு மேடம். காலையில புடிச்சதா நேத்து புடிச்சதான்னு மூடிய தொறக்காமச் சொல்லிருவேன்.

— ஆனா ஒண்ணு இடிக்குதுங்க. சர்க்கரைங்கறது சோறுதான். சாப்பிட ஆள் வேணுமில்லீங்களா? மொத டப்பாவுல அந்தக் கிருமியே இல்லியே, எங்கிருந்து வந்துச்சு? தாய்ப்பால் குடிக்கற வேற கொழந்தை பக்கத்துல இருக்குதுங்களா?

— எம்மவ சிசிலியா இருக்காளே! ரெண்டும் ஒரே பாயிலதான். அவ கைய இவன் சப்புவான், இவன் கைய அவ சப்புவா. பிரிச்சுப் போட்டா ரெண்டுக்கும் ஒறக்கம் வராது.

— அப்ப அவகிட்டருந்துதான் தொத்தியிருக்கோணும்! வெளங்கிருச்சுங்க்கா. சிசிலியாவோட டப்பாவும் ஒண்ணு வேணும். அவளுக்கு என்ன வயசுங்க?

— பதினாலாந் தேதி வந்தா எட்டு மாசம்.

— எட்டா? இவனுக்கு அஞ்சுதானுங்களே. அக்கா, மூணு மாசம் தள்ளி எப்படீங்க ரெண்டு பெத்தீங்க?

— இவன நான் பெக்கல மேடம். மார்க்கெட்டுல எனக்குப் பக்கத்துல மீன் வித்த பெங்காலிப் பிள்ள நளினி பெத்தா. ஒம்பதாம் நாள் காய்ச்சல்ல போயிட்டா. அவனுக்க அப்பன் ஒன்றரை மாசம் பவுடரக் கரைச்சு ஊத்திப் பாத்தான், ஒட்டல. இங்க கொண்டுவந்த அன்னைக்கு மடியில வச்சிருந்தது நான். நர்சம்மா எழுதுக ஃபாரத்த எடுத்து, அம்மா பேரு என்னன்னு கேட்டாங்க. பெனிட்டான்னேன்.