பெயருக்கு ஏற்ற ஆள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இந்தத் தாளிலேயே பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஐம்பத்தைந்தாம் வருஷம் எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பேரேடுகளைப் பார்த்து, முதலியார்பேட்டை ஜனங்களின் பெயர்களைத் தமிழில் பட்டியலாக எழுதும் வேலை.

பேட்டையில் பதினோரு சுப்பராயன்கள் இருந்தார்கள். முதலில் அவர்களை சு-1, சு-2 என்று எழுதினேன். என் மேலதிகாரி நாராயணசாமி தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா இது, மருந்து பாட்டிலா? பேரைப் படிச்சா ஆளு கண்ணு முன்னால வந்து நிக்கணும்யா."

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து தெருவில் கூப்பிடுகிற பெயர்களையே எழுதினேன். மீசை சுப்பராயன், நொண்டி சுப்பராயன், ஆலை சுப்பராயன். படிக்கச் சுகமாக இருந்தது. மூன்று படிகள் எடுத்து மூன்று ஊர்களுக்கு அனுப்பினோம்.

அதன்பிறகு குறை பட்டியலில் இல்லை, ஆட்களிடம்தான் இருந்தது. பெயர் எழுதியபடியே இருக்கும், அவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். மீசை சுப்பராயன், அப்பா செத்ததற்கு மீசையை எடுத்துவிட்டார். வளரும்வரை வீட்டை விட்டு வர வேண்டாம் என்று நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன். பெயரைத் திருத்தலாமே என்பீர்கள். மூன்று ஊரிலும் திருத்த வேண்டும். ஓர் ஊரில் விட்டுப்போனாலும் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். ஆளைத் திருத்தினால் ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

நொண்டி சுப்பராயனுக்கு ஆஸ்பத்திரியில் காலைச் சரிசெய்துவிட்டார்கள். நெல்லித்தோப்பில் என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையில் இங்கே என்னை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முசியே, பாத்தீங்களா? இனிமே எவன் என்னை நொண்டின்னு கூப்புடுவான்?"

அந்த வாரமே எங்கள் அலுவலக மாடிப்படியில் விழுந்தார். நான் அவருக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். இப்போது பெயர் பொருத்தமாக இருக்கிறது.

பிறகு மணியம்மாள். பட்டியலில் நான்கு மணியம்மாள்கள். அவர்களில் மீன் விற்கிறவள் பதிவுக்கு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. "விதவை மணியம்மாள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் புருஷன் பக்கிரி வந்து சொன்னார்.

"என்ன முசியே, நான் செத்ததை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சர்க்கார் வலைக்கு மனு போட்டேன். செத்தவனுக்கு எதுக்குடா வலைங்கறான். பேரை மாத்திக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நல்ல மனிதர். நோணாங்குப்பத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அதிகாரி இருக்கிறார், போய்க் கேட்கலாம் என்றேன். தன் படகிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். கடலோடி, நன்றாக நீந்துவார். அதனால் முதலில் துடுப்பால் தலையில் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு அடி. பிறகு அவரைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நான்தான் செய்தேன். மறைக்க எதுவும் இல்லை.

பக்கிரிக்குக் காரியம் முடிந்து மணியம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"கருநாக்கு கேள்விப்பட்டிருக்கேன். உன்னுது கருங்கைடா, பாவி. எழுதுனது பலிச்சிருச்சே."

அவள் நெற்றியைப் பார்த்தேன். பட்டியலைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. யார் படித்தாலும் புரியும். மூன்று ஊரிலும் ஒரு பிழை கிடையாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சிறு விஷயம். தாளின் தலைப்பில் என்னை "எழுத்தர் காசிலிங்கம்" என்று போட்டிருக்கிறீர்கள். துறைமுகத்தில் இன்னோர் எழுத்தர் காசிலிங்கம் இருக்கிறார். படிக்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். நீங்கள் எதையும் அடிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். என்னை ஒரே ஒரு நாள் வெளியே விட்டால் போதும்.