தெரிந்த ஆளுக்கு வேறு வால்

சனிக்கிழமை மத்தியானம், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ரோல்ஸ் கடை வரிசை. எனக்கு முன்னால் ஒரு தாயும், பல்கலைக்கழகம் போகிற வயதில் மகளும். மகளின் கையில் கொரிய மொழிப் பாடக் கொப்பி.

"கொரியனிலை ஒரு ஆளைப் புதுசாச் சொன்னால் ஒரு வால், தெரிஞ்ச ஆளெண்டால் வேறை வால், அம்மா."

வால் என்றதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"விளங்கேல்லை. ஒண்டு சொல்லிக் காட்டு."

"சிங்கு எண்டால் சிநேகிதம். எனக்கொரு சிங்கு இருக்கு எண்டு முதல்முதல் சொல்லேக்கை 'சிங்கு-கா'. பிறகு, ரெண்டுபேருக்கும் தெரிஞ்ச அந்தச் சிங்குவைப் பற்றிக் கதைக்கேக்கை 'சிங்கு-நுன்'."

"சிங்கு பெடியனோ, பெட்டையோ?"

"ரெண்டுக்கும் சிங்குதான்."

"நல்ல வசதியான பாஷை."

வரிசை ஓரடி நகர்ந்தது. தாயும் நகர்ந்தாள்.

"அப்ப, இஞ்சை பொண்டியிலை இருக்கிற உன்ரை சிங்குவை எனக்கு 'நுன்' போட்டே சொல்லலாம்."

மகள் கொப்பியை மூடினாள். "ஆர் சொன்னது?"

"ஒவ்வொரு புதனும் மெத்ரோவாலை இறங்கி ரெண்டுபேரும் இந்தக் கடையிலைதானே ரோல்ஸ் தின்னுறியள். லா சப்பலிலை வந்து ஒளிக்கிற ஆக்களை இப்பத்தான் காணுறன்."

மரக்கறி ரோல்ஸ் முடிந்துவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பாவுக்கு?"

"அவருக்கு இன்னும் 'கா'தான், பிள்ளை. நான் பக்கத்திலை இருக்கேக்கை சொல்லு."