ஒன்பதாவது வரி, மூணாவது கட்டம்

இல்ல மேடம், உக்கார நேரமில்ல, நின்னுக்கிட்டே சொல்லுதேன். ஒரே ஒரு கட்டந்தான் மாத்தணும். நரிக் கணக்கெடுப்புச் சீட்டுல ஒன்பதாவது வரி, மணிமங்கலம் ஏரி. மூணாவது ஞாயித்துக்கெழம. அதுல சைபர் போட்டிருக்கேன். அத அழிச்சிட்டு காலியா விட்டிருங்க.

ஆமா, நான் எழுதுனதுதான். கீழ வேல்விழின்னு பேரு இருக்கும் பாருங்க.

ஏன்னா, அன்னைக்கு நான் போகவே இல்ல.

தெரியும் மேடம். மொத வகுப்புலயே சொன்னீங்கல்லா. தடமோ எச்சமோ பாத்தா ஒண்ணு. போயித் தேடியும் கெடைக்கலன்னா சைபர். போகவே இல்லன்னா காலி. நோட்டுல எழுதி, அடியில கோடு கூட போட்டு வச்சிருக்கேன். ஆனா கை கேக்கல.

நான் கார் கம்பெனியில ஒயர் சொருகுற லைன்ல நிக்கேன் மேடம். படிச்சது பி.எஸ்சி. விலங்கியல்தான். என்ன செய்ய, ஒரகடத்துல அதுக்கா வேல வச்சிருக்கான்? எங்க செக் ஷீட்ல ஒரு கட்டம் காலியாக் கெடந்தா சூப்பர்வைசர் லைனுக்கே வந்துருவாரு. இன்னாமா, இம்மாம் எடத்த காலியா வுட்டுக்கினு கீற, பிளாட் போட்டு விக்கவான்னு கேப்பாரு. பாத்தமோ பாக்கலையோ, ஷிப்ட் முடியிறதுக்குள்ள எல்லாக் கட்டத்தையும் ரொப்பிரணும். அந்தப் பழக்கம்.

சிரிங்க மேடம், பரவால்ல. நாங்களும் சிரிப்போம்.

எழுபது கட்டத்துல ஒண்ணுதானன்னா கேக்கீங்க? நீங்கதான போன வாரம் லேப்டாப்புல போட்டுக் காட்டுனீங்க. நரி இருக்க எடத்துக்கே பத்து தடவ போனாலும், நாலு தடவதான் நம்ம கண்ணுல மாட்டும்னு. அப்ப மூணு தடவ போயும் தட்டுப்படாம இருக்க, நூத்துக்கு இருபத்திரெண்டு வாய்ப்பு இருக்கு. பத்துல ஆறு தடவ மாட்டாதுல்லா, அந்தப் பாயின்ட் ஆற மூணு தடவ பெருக்கிப் பாத்தேன், டீ பிரேக்ல. பாக்கல வேற, இல்ல வேறன்னு அப்பதான் மண்டையில எறங்குச்சு. அதுல போகாத ஒருத்தி சைபர் போட்டா, கணக்கு அத அப்படியே நம்பிரும். தேடியாச்சுன்னு வச்சுக்கிடும். அதுக்கு என் மொகத்தப் பாத்து கண்டுபுடிக்கத் தெரியாதுல்லா.

நல்லா ஞாபகம் இருக்கு மேடம். ஏழு மாசமானா என்ன? அன்னைக்கு ஓ.டி. பஞ்ச் மிஷின்ல காலையில ஆறு மணிக்கு என் வெரல் விழுந்திருக்கு.

எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். சோறு எறங்குது, தூக்கம் வருது. லைன்ல ஒரு ஒயரக்கூட மாத்திச் சொருகல. ரூம்ல பிள்ளைங்களும் இதையேதான் கேக்குதுவ, ஏட்டி, ஒனக்கு என்னட்டின்னு.

அதே நாள்ல இன்னொண்ணும் இருக்கு மேடம். அது உங்க சீட்டுல இல்ல.

என் தம்பி, இசக்கிபாண்டி. படப்பையில ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கம்பெனியில நிப்பாட்டிட்டாங்க, வீட்டுல சொல்லல. அந்த ஞாயித்துக்கெழம விடியக்காலம் யாரு போன்ல இருந்தோ கூப்ட்டான். அக்கா, எட்டு மணிக்கு மணிமங்கலம் பஸ் ஸ்டாப்புல நிப்பேன், நீ எப்படியும் ஏரிக்கு நரி தேடத்தான வருவ, அப்படியே என்னையும் வந்து பாருன்னான். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான். நான் ஓ.டி.க்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் அவன யாரும் பாக்கல.

அம்மா ஊர்லேர்ந்து வந்து கேட்டா. போனேம்மா, பத்து மணி வரைக்கும் நின்னேன், அவன் வரலன்னேன். போலீஸ் ஸ்டேஷன்லயும் அதையேதான் சொன்னேன். அங்கதான் வரலையேன்னு தாம்பரத்துல தேடுனாங்க. தேடுனவங்க மேல என்ன தப்பு? மணிமங்கலத்துல ஒரு டீக்கடையில கூட அவன் போட்டோவக் காட்டிக் கேக்கல. நானும் அந்தப் பக்கம் போகல.

அழிச்சிட்டீங்களா? எங்க, காட்டுங்க. சரி மேடம்.

ஒரகடம் போயி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ புடிக்கணும். ஸ்டேஷன்ல இருக்குறது சைபர் இல்ல. வரவில்லைன்னு முழுசா எழுதி, கீழ என் கையெழுத்தும் வாங்கி வச்சிருக்காங்க.